ஷார்ட் கிரீக்கில் பெண்ணாக வளர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பலதார மணம் செய்யும் மதக்குழு பற்றி ஏதாவது செய்தி வந்தால் தெரிந்தவர்கள் என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்த பெண்கள் நீதிமன்றத்திலும் பேட்டிகளிலும் சொன்னவற்றைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எந்த ஊர், எந்தக் குழு?

யூட்டா, அரிசோனா ஆகிய இரு மாநிலங்களின் எல்லைக்கோடு ஊரின் நடுவே போகிறது. வடக்குப் பாதி ஹில்டேல், தெற்குப் பாதி கொலராடோ சிட்டி. இரண்டுக்கும் சேர்த்துப் பழைய பெயர் ஷார்ட் கிரீக். ஊருக்குப் பின்னால் செக்கச்செவேலென்று பாறைச் சுவர், கீழே செம்மண். நகரங்கள் எல்லாம் வெகு தொலைவு. எல்லைக்கோட்டில் குடியேறியதில் ஒரு வசதியும் இருந்தது. ஒரு மாநிலத்துப் போலீஸ் வந்தால் தெருவைக் கடந்து அடுத்த மாநிலத்துக்குப் போய்விடலாம்.

குழுவின் முழுப்பெயர் ஃபண்டமெண்டலிஸ்ட் சர்ச் ஆஃப் ஜீசஸ் கிரைஸ்ட் ஆஃப் லேட்டர்-டே செயின்ட்ஸ். சுருக்கமாக எஃப்.எல்.டி.எஸ். தலைவரை ‘தீர்க்கதரிசி’ என்கிறார்கள். ஆனால் பேச்சில் ‘அங்கிள் ராய்’, ‘அங்கிள் ரூலன்’, ‘அங்கிள் வாரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடவுளின் வாயாக இருப்பவரை மாமா என்று கூப்பிட்டு வளர்கிற குழந்தைக்குக் குடும்பம் எங்கே முடிகிறது, மதம் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்?

மோர்மன்கள் எல்லோரும் இப்படித்தானா?

இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஜோசப் ஸ்மித் 1830ல் தொடங்கிய மோர்மன் சபை, பலதார மணத்தை 1852ல் வெளிப்படையாக அறிவித்தது. அமெரிக்க அரசு சட்டத்தால் நெருக்கிய பிறகு 1890ல் சபை அதைக் கைவிட்டது. யூட்டாவுக்கு 1896ல் மாநில அந்தஸ்து கிடைத்ததே பலதார மணத்துக்குத் தடை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான். இன்று அந்தப் பெரிய சபையில் ஒருவர் இரண்டாவது மனைவி கட்டினால் நீக்கிவிடுவார்கள். ‘1890ல் சபை விலை போய்விட்டது, நாங்கள்தான் உண்மையானவர்கள்’ என்று பிரிந்து போனவர்களின் வழிதான் ஷார்ட் கிரீக். ஆண் மேலுலகில் உச்ச நிலையை அடையக் குறைந்தது மூன்று மனைவியர் வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒரு வீட்டில் பல அம்மாக்கள் என்றால் குழந்தைகள் எப்படிக் கூப்பிடுவார்கள்?

எல்லோரும் ‘அம்மா’தான். பெற்றவளைத் தவிர மற்றவர்களைப் பெயரோடு சேர்த்து ‘மதர் இன்னார்’ என்பார்கள். இருபது, முப்பது உடன்பிறப்புகள் இருப்பது அங்கே சாதாரணம். மூத்த பெண் பிள்ளைக்குப் பத்து வயது ஆவதற்குள் இடுப்பில் ஒரு தம்பி ஏறிவிடுவான். ரொட்டி சுடுவது, துவைப்பது, தைப்பது, சின்னவர்களைக் குளிப்பாட்டுவது எல்லாம் முறைவைத்து நடக்கும். வீடுகளும் பிரம்மாண்டமானவை. அறைமேல் அறையாகக் கட்டிக்கொண்டே போய், வெளிச்சுவர் பூசாமல் பாதியில் நிற்கும்.

ஒரே கணவரின் மனைவியர் ஒருவரையொருவர் ‘சிஸ்டர் வைஃப்’ என்பார்கள். நம் மொழியில் சக்களத்தி என்ற சொல்லிலேயே சண்டை இருக்கிறது. சொன்னவுடன் கேட்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். அங்கே சொல்லில் தங்கை உறவு. பொறாமையோ கண்ணீரோ வந்தால் அது அவளுடைய விசுவாசக் குறைவு. தன் அம்மா அழுவதைப் பார்க்கிற மகள், அம்மாவுக்கு என்ன வலி என்று கேட்பதில்லை. அம்மாவிடம் என்ன குறை என்று யோசிக்கப் பழகிவிடுகிறாள்.

அந்தப் பழங்கால உடை எதற்கு?

கணுக்கால் வரை கவுன், மணிக்கட்டு வரை கை, கழுத்து வரை பொத்தான், உள்ளே முழு நீள உள்ளாடை. பாலைவன வெயிலிலும் இதேதான். வெளிர் நீலம், வெளிர் ஊதா மாதிரி மங்கிய ஒரே நிறத் துணி. வாரன் ஜெஃப்ஸ் தலைவரான பிறகு சிவப்பு அறவே கூடாது. முடி வெட்டக் கூடாது. முன்னால் உயர்த்தி வாரி, பின்னால் பின்னல். விண்ணுலகில் தன் முடியால் கிறிஸ்துவின் பாதம் துடைக்க வேண்டும் என்று சிறுமிகளுக்குச் சொல்வார்கள்.

உடையின் இன்னொரு வேலையை அவர்கள் சொல்வதில்லை. அதைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர்க் கடைக்குப் போனாலே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். ‘வெளியுலகம் நம்மை வெறுக்கிறது’ என்று வீட்டில் சொன்னதற்கு அந்தப் பெண்ணுக்கு அங்கேயே சான்று கிடைத்துவிடும்.

‘கீப் ஸ்வீட்’ என்றால் என்ன?

இனிமையாக இரு. சுவரில் மாட்டியிருக்கும், தலையணையில் தைத்திருக்கும், அம்மா காதில் சொல்வாள், பிரசங்கத்தில் வரும். கோபம் வந்தாலும், சந்தேகம் வந்தாலும், யாராவது அடித்தாலும் முகம் மாறக் கூடாது. முழுமையான கீழ்ப்படிதல்தான் முழுமையான விசுவாசத்தைத் தரும் என்பது பாடம்.

கேட்க எவ்வளவு மென்மையான சொல்! வெளியே வந்த பெண்கள் பலர் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். ஒரு குழந்தை ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று தனக்குள் உணர்வதற்குக் கூட ஒரு பழக்கம் வேண்டும். ஐந்து வயதிலிருந்து அந்த உணர்வு தலைதூக்கும்போதெல்லாம் அமுக்கினால், பதினாலு வயதில் அவளிடம் சம்மதம் கேட்டாலும் பதில் சொல்ல உள்ளே ஆள் இருக்காது.

பள்ளிக்கூடம் போவார்களா?

2000 வரை ஊர்ப் பிள்ளைகள் பொதுப் பள்ளியில் படித்தார்கள். அந்த வருடம், படுக்கையில் விழுந்துவிட்ட தன் அப்பா ரூலன் ஜெஃப்ஸின் பெயரால் வாரன் ஜெஃப்ஸ் உத்தரவிட்டார்: விசுவாசிகளின் பிள்ளைகள் பொதுப் பள்ளியில் படிக்கக் கூடாது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். வாரனே அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி பக்கம் இருந்த குழுவின் ஆல்டா அகாடமி பள்ளியில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவர். மெதுவான, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் அவர் பேசிய பாடங்கள் ஒலிநாடாக்களாக வீடு வீடாக ஓடின. வேலை செய்துகொண்டே கேட்பார்கள். தொலைக்காட்சி, வெளிப் புத்தகம், இணையம் ஒவ்வொன்றாகப் போயின. பின்னாளில் விளையாட்டுச் சாமான்களும் சைக்கிளும் கூடப் போயின.

திருமணத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

தீர்க்கதரிசி. கடவுள் அவருக்குச் சொல்கிறார், அவர் பெண்ணின் அப்பாவுக்குச் சொல்கிறார். அதற்கு ‘பிளேஸ்மென்ட்’ என்று பெயர், அதாவது பெண்ணை ஓர் ஆணிடம் ‘வைப்பது’. சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

2001ல் நடந்த ஒரு திருமணம் பின்னால் நீதிமன்றத்துக்கு வந்ததால் அதன் விவரம் நமக்குத் தெரியும். பெண்ணுக்கு 14 வயது. மாப்பிள்ளை 19 வயதான, அவளுக்குப் பிடிக்காத, ஒன்றுவிட்ட சகோதர உறவுள்ள பையன். அவள் வேண்டாம் என்றாள். இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள் என்று கெஞ்சினாள். கிழவர் ரூலனிடமே நேரில் போய்க் கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. நெவாடா மாநிலத்தில் காலியென்டே என்ற ஊரின் ஒரு மோட்டலில் வாரன் ஜெஃப்ஸ் அந்தத் திருமணத்தை நடத்தி வைத்தார். ‘சம்மதமா’ என்ற கேள்விக்கு அவள் வாயிலிருந்து பதிலே வரவில்லை. பலமுறை வற்புறுத்திய பிறகுதான் முணுமுணுத்தாள் என்று சாட்சியம் சொன்னாள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. அதுவரை ஆண் பிள்ளைகளைப் பாம்பாக நினைத்து விலகி இரு என்றுதான் சொல்லி வளர்த்திருப்பார்கள். உடலைப் பற்றி ஒரு வார்த்தை கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். பிறகு ஒரே இரவில் ஒருவனுக்கு எல்லாவற்றிலும் கீழ்ப்படி என்பார்கள். குழந்தை எப்படி உண்டாகிறது என்றே தெரியாமல் முதலிரவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஒருவருக்குப் பத்து மனைவி என்றால் மற்ற ஆண்கள் என்ன ஆவார்கள்?

ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சம எண்ணிக்கையில்தான் பிறக்கிறார்கள். ஒருவருக்குப் பத்துப் பேர் என்றால் ஒன்பது ஆண்கள் மிச்சம். அதனால் பையன்களைத் துரத்தினார்கள். சினிமா பார்த்தான், அரைக்கை சட்டை போட்டான், ஒரு பெண்ணிடம் பேசினான் என்பதெல்லாம் காரணம். பதின்ம வயதில் நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்பட்ட இவர்களை ‘லாஸ்ட் பாய்ஸ்’ என்கிறார்கள், நூற்றுக்கணக்கானவர்கள். பெரியவர்களும் தப்பவில்லை. 2004 ஜனவரியில் ஒரே நாளில் ஊர் மேயர் உட்பட சுமார் 20 ஆண்களை வாரன் நீக்கினார். அவர்களின் மனைவி மக்கள் வேறு ஆண்களுக்கு ஒப்படைக்கப்பட்டார்கள்.

ஒரு சிறுமியின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். காலையில் அப்பா இருக்கிறார். மாலையில் இன்னொருவரை அப்பா என்று கூப்பிட வேண்டும், பழைய அப்பாவின் படத்தை எடுத்துவிட வேண்டும். தலைவர் சொன்னால் குடும்பமே கலைந்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதற்குப் பிறகு ‘மாட்டேன்’ என்று சொல்வாளா?

அம்மாக்கள் ஏன் தடுக்கவில்லை?

அந்த அம்மாவுக்கும் ஒரு காலத்தில் பதினாறு வயதுதான். அவள் பெயரில் வீடு இல்லை. ஊரின் நிலமும் வீடுகளும் 1942ல் ஏற்படுத்திய ஓர் அறக்கட்டளையின் சொத்து, அதைச் சபைத் தலைமை நடத்தியது. முதல் மனைவி தவிர மற்றவர்களுக்குச் சட்டப்படி திருமணமே இல்லை. எதிர்த்துப் பேசினால் அவளைத் தனியே எங்காவது அனுப்பிவிட்டுக் குழந்தைகளை வேறொருத்தியிடம் கொடுப்பார்கள். அம்மாக்கள் சிலர் முழு நம்பிக்கையோடு மகளைக் கொடுத்தார்கள். சிலர் தெரிந்தும் கொடுத்தார்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் மேல் வருகிற கோபத்தில் பாதியாவது ஜெஃப்ஸ் மேலும், முகத்தைத் திருப்பிக்கொண்ட அதிகாரிகள் மேலும் வர வேண்டும்.

வேலி இல்லை, பூட்டு இல்லை. ஏன் ஓடிப்போகவில்லை?

எல்லோரும் கேட்பது இதைத்தான். எனக்குச் சங்கடமான கேள்வியும் இதுதான்.

சரி, ஓட வேண்டும் என்று ஒரு பெண் முடிவு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கையில் காசு இல்லை. பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கூடக் கைவசம் இருக்காது. வண்டி கிடைத்தாலும் யாரிடம் போவது? வெளியாள் ஒருவரையும் தெரியாது. அப்போது ஊர்ப் போலீஸும் விசுவாசிகள்தான். அவர்கள் சட்டத்துக்கு அல்ல, சபைக்கே வேலை செய்தார்கள் என்று அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கில் 2016ல் ஜூரியும் இரு ஊர் நிர்வாகங்களுக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. ஓடிப்போனவளைப் பிடித்துக்கொண்டுவந்து விட்டதும் அவர்களே.

இதெல்லாம் வெளியே தெரியும் தடைகள். உள்ளே இருப்பது இதைவிடப் பெரியது. போனால் நரகம் என்று அவள் நம்புகிறாள், உண்மையாகவே நம்புகிறாள். உலகம் அழியப்போகிறது, நாம் மட்டும் மேலே தூக்கப்படுவோம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். போனவர்களுக்கு ‘அபோஸ்டேட்’, விசுவாச துரோகி என்று பெயர். அதற்குப் பிறகு அம்மா பேச மாட்டாள். கூடவே படுத்துத் தூங்கிய தங்கை தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பிகளை இனிமேல் பார்க்கவே முடியாது.

நாம் ஜெயிலிலிருந்து தப்பிப்பது மாதிரி நினைக்கிறோம். ஜெயிலுக்குள் நமக்குப் பிரியமானவர்கள் இருப்பதில்லை. இங்கே அவளுக்குத் தெரிந்த அன்பு முழுக்க உள்ளேதான் இருக்கிறது. அந்த அன்பைத்தான் பூட்டாகப் போட்டார்கள். அதனால் ‘ஏன் ஓடவில்லை’ என்று கேட்பதைவிட, ‘ஓடியவள் எதை விட்டுவிட்டு ஓடினாள்’ என்று கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பலர் தங்கள் சொந்தக் குழந்தைகளை வேனில் அடைத்துக்கொண்டு நள்ளிரவில் போனார்கள். சிலர் திரும்பியும் வந்தார்கள். திரும்பி வந்தவர்களையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா?

செய்தது, இரண்டு முறை பெரிய அளவில். இரண்டு முறையும் சிறுமிகளுக்கு அது இன்னொரு பயமாகத்தான் போய் முடிந்தது.

1953 ஜூலை 26 விடியற்காலை அரிசோனா ஆளுநர் ஹோவர்ட் பைல் உத்தரவின் பேரில் போலீஸ் படை ஷார்ட் கிரீக்கைச் சுற்றி வளைத்தது. ஆண்களைக் கைது செய்து, 263 குழந்தைகளைப் பிரித்துக்கொண்டு போனார்கள். அழும் தாய்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்ததும் நாடே ஆளுநருக்கு எதிராகத் திரும்பியது. அடுத்த வருடத் தேர்தலில் அவர் தோற்றார். அதற்குப் பிறகு சுமார் ஐம்பது வருடம் எந்த அரசியல்வாதியும் அந்த ஊர்ப் பக்கம் கை வைக்கவில்லை. ஊருக்குள்ளோ ஒவ்வொரு பாட்டியும் பேத்திக்குச் சொல்ல ஒரு உண்மைக் கதை கிடைத்தது: அரசாங்கம் வரும், உன்னை அம்மாவிடமிருந்து பிடுங்கும்.

2008 ஏப்ரலில் டெக்சாஸில் எல்டொராடோ ஊருக்கு அருகே குழு கட்டியிருந்த பண்ணையில் அதேபோல் நடந்தது. 400க்கும் மேற்பட்ட குழந்தைகளை எடுத்துப் போனார்கள். தூண்டிய தொலைபேசி அழைப்பு பொய் என்று பிறகு தெரிந்தது. மொத்தமாகப் பிரித்தது தவறு என்று மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதால் குழந்தைகள் திரும்பினார்கள். ஆனால் அங்கே கிடைத்த ஆவணங்கள் பேசின. 12 முதல் 15 வயதுக்குள் மணமுடிக்கப்பட்ட 12 சிறுமிகளை மாநிலக் குழந்தைகள் நலத்துறை அடையாளம் கண்டது. ஏற்கெனவே பிடிபட்டிருந்த வாரன் ஜெஃப்ஸுக்கு டெக்சாஸில் தண்டனை வாங்கித் தந்தவை அந்த ஆவணங்கள்தான்.

வாரன் ஜெஃப்ஸ் இப்போது எங்கே?

டெக்சாஸ் சிறையில். 2006ல் எஃப்.பி.ஐ.யின் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் இருந்தவர் அந்த ஆகஸ்டில் லாஸ் வேகஸ் அருகே, அவரே தடை செய்த சிவப்பு நிறத்தில் ஒரு காரில் பிடிபட்டார். அந்த 14 வயதுப் பெண்ணின் திருமண வழக்கில் 2007ல் யூட்டாவில் அவர் குற்றவாளி என்று வந்த தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தானது. 2011 ஆகஸ்டில் டெக்சாஸ் ஜூரி, 12 வயதும் 15 வயதுமான இரு சிறுமிகளை வன்கொடுமை செய்ததற்காக ஆயுள் தண்டனையும் கூட 20 ஆண்டும் விதித்தது. அவருக்கு 70க்கும் மேற்பட்ட மனைவியர் இருந்தார்கள். 2002ல் அப்பா இறந்த பிறகு அவருடைய விதவைகள் பலரையும் இவர்தான் மணந்துகொண்டார்.

ஒருவரைச் சிறையில் வைத்தால் முடிந்துவிடும் என்று நினைக்க முடியவில்லை. அதே ஊரிலிருந்து கிளம்பிய சாமுவேல் பேட்மேன் என்பவர் தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டு 20க்கும் மேற்பட்டவர்களை மனைவியாக்கினார்; அவர்களில் பத்துப் பேர் சிறுமிகள். 2022ல் அவருடைய வண்டிக்குப் பின்னால் இழுத்த டிரெய்லருக்குள் சிறுமிகள் இருந்ததை வழியில் போனவர்கள் பார்த்துப் போலீஸுக்குச் சொன்னதால் மாட்டினார். 2024 டிசம்பரில் 50 ஆண்டு தண்டனை.

வயது வந்தவர்கள் விரும்பிச் செய்தால் என்ன தவறு?

யூட்டாவில் 2020ல் சட்டம் மாறியது. வயது வந்தவர்கள் மனமொத்துச் சேர்ந்து வாழும் பலதார மணம் இப்போது அங்கே சிறு குற்றம் மட்டும்தான், சிறை இல்லை. ஏமாற்றியோ மிரட்டியோ சிறுமியை வைத்தோ செய்தால் பெரிய குற்றமாகவே இருக்கிறது. சிறைப் பயம் இல்லாவிட்டால் பெண்கள் தைரியமாகப் புகார் கொடுப்பார்கள் என்று மாற்றத்தை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். தப்பி வந்த பெண்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஷார்ட் கிரீக் பக்கத்திலேயே சென்டென்னியல் பார்க் என்ற தனிக் குழுவில், இது எங்கள் விருப்பம் என்று வெளிப்படையாகப் பேசும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் பார்ப்பது ஒன்றுதான்: அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அதே வீட்டில் சாப்பிட முடிகிறதா? முடியாத இடத்தில் ‘வேண்டும்’ என்று அவள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

சந்தோஷமே இருக்காதா?

இருந்தது. வெளியே வந்தவர்கள் இதைச் சொல்லும்போதுதான் பெரும்பாலும் குரல் உடைகிறது. ஒரே வயதில் நாலைந்து சகோதரிகள். கேன்யனில் ஏறுவது, ஓடையில் கால் நனைப்பது. மோர்மன்கள் யூட்டாவுக்கு வந்துசேர்ந்த நாளான ஜூலை 24 முன்னோடிகள் தினக் கொண்டாட்டம், வாரன் அதையெல்லாம் நிறுத்தும் வரை. ஐம்பது பேர் சேர்ந்து பாடும் வீட்டை விட்டு ஓர் அறை வீட்டில் தனியாகச் சாப்பிட உட்காரும்போது வரும் மௌனத்துக்கு யாரும் அவர்களைத் தயார்ப்படுத்தவில்லை.

வெளியே வந்த பிறகு வாழ்க்கை எப்படி?

கடையில் எந்த உடை எடுப்பது என்றே தெரியாமல் நிற்பார்கள். வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், பள்ளிப் படிப்புச் சான்று எல்லாம் ஒன்றிலிருந்து. யாராவது ‘உனக்கு என்ன பிடிக்கும்’ என்று கேட்டால் அழுதுவிடுவார்கள். ஹோல்டிங் அவுட் ஹெல்ப் போன்ற யூட்டா அமைப்புகள் தங்குமிடமும் ஆலோசனையும் தருகின்றன. இப்படி ஒருவரைச் சந்தித்தால் அப்பாவுக்கு எத்தனை மனைவி என்று முதலில் கேட்காதீர்கள். தங்கைகளின் பெயரைக் கேளுங்கள். எல்லோரையும் வரிசையாகச் சொல்வார்கள்.

ஊர் இப்போது எப்படி இருக்கிறது?

வெகுவாக மாறிவிட்டது. அறக்கட்டளையை 2005ல் நீதிமன்றம் கையில் எடுத்தது. துரத்தப்பட்டவர்கள் பலர் பழைய வீடுகளுக்குத் திரும்பினார்கள். 2014ல் ஹில்டேலில் பொதுப் பள்ளி மறுபடி திறந்தது. 2017 தேர்தலில் டோனியா ஜெசப் மேயரானார். குழுவை விட்டு வெளியேறியவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். சுற்றுலா வருகிறது, விடுதிகள் வந்துவிட்டன. வாரனின் மாளிகையே கொஞ்ச காலம் தங்கும் விடுதியாக இருந்தது. தெருவில் ஜீன்ஸ் போட்ட பெண்ணும் வெளிர் நீலக் கவுன் போட்ட பெண்ணும் எதிரெதிரே நடந்து வருகிறார்கள். சில சமயம் அவர்கள் அக்கா தங்கை. நிற்பார்களா, பேசுவார்களா என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது.